கன்னா: ஜப்பானிய இழைப்புளியைத் தயார் செய்து முதல் சுருள் எடுக்கும் வரை

ஹினோக்கி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தில் இழைத்த ஒரு சுருளை முதல்முறை கையில் வாங்கிப் பார்த்தபோது அது மரம் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆள் உயர நீளம், நான்கு விரல் அகலம். உள்ளங்கையில் விரித்தால் அடியில் கைரேகை தெரிகிறது, மூச்சுக் காற்று பட்டாலே எழும்பிப் போய்விடுகிறது. ஜப்பானில் 1997இல் இருந்து கெசுரோக்காய் என்ற பெயரில் தச்சர்கள் ஒன்றுகூடி, யாருடைய சுருள் மெல்லியது என்று மைக்ரோமீட்டரில் வைத்து அளந்து பார்க்கிறார்கள். அங்கே 10 மைக்ரானுக்குக் கீழே இறங்குவது சகஜம், கைதேர்ந்தவர்கள் 4, 5 மைக்ரானைத் தொடுகிறார்கள். நம் தலைமுடி ஒன்றின் கனமே 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லோரும் சுருளையே பார்க்கிறோம், பலகையைப் பார்ப்பதில்லை. உப்புத்தாள் மரத்தைத் தேய்த்துப் பிய்க்கிறது, அதனால் மேல்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கிறது. கூரான தகடு மரத்தை வெட்டிவிட்டுப் போகிறது. வார்னிஷ் ஒரு சொட்டுகூடப் பூசாமல் அந்தப் பலகை ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும், மேலே தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கும். கோயில் தூண்களையும் வீட்டு உத்தரங்களையும் வெறும் இழைப்போடு, பூச்சே இல்லாமல் விடும் வழக்கம் அங்கே வந்ததற்கு இந்த மேல்பரப்பு ஒரு பெரிய காரணம்.

கட்டையில் தகடு செருகிய கன்னா ஜப்பானுக்கு வந்தது 15, 16ஆம் நூற்றாண்டுவாக்கில்தான். அதற்கு முன்னால் யாரிகன்னா என்று ஈட்டி முனை போன்ற ஒரு கருவியால் செதுக்கினார்கள். நாராவில் இருக்கும் ஹோர்யூஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தில் நடுத்தூணாக நிற்கும் மரம் 594இல் வெட்டப்பட்டது என்று மர வளையங்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மரங்களில் யாரிகன்னா விட்ட சின்னச் சின்னக் குழிவுகளைப் பார்த்துத்தான், வழக்கொழிந்து போயிருந்த அந்தக் கருவியை நிஷியோகா சுனெகாசு (1908–1995) என்ற கோயில் தச்சர் மறுபடி செய்யவைத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1981இல் அவர் தலைமையில் எழுந்த, நாராவின் யாகுஷிஜி கோயில் மேற்குக் கோபுரத்தில் அந்தக் கருவியின் வேலை இருக்கிறது. ஒரு கட்டடத்தை எழுப்ப, அதற்கு முன் ஒரு கருவியை மீட்டெடுத்த மனிதர் அவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, வேலைக்கு வருவோம். பலகையை இழைப்பது சில விநாடி. கன்னாவைத் தயார் செய்ய முதல்முறை இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று நாளைப் பற்றியது, ஏனென்றால் அதைத் தாண்டாமல் சுருள் வராது.

எதை வாங்குவது

70 மில்லிமீட்டர் தகடு உள்ள கன்னா வாங்குங்கள். கை சிறியதாக இருந்தால் 65. ஹியோகோ மாகாணத்து மிக்கியும் நீகாட்டா மாகாணத்து சாஞ்சோவும் காலம்காலமாகக் கருவி செய்யும் ஊர்கள், அங்கிருந்து வரும் நடுத்தர விலைக் கன்னா முதல் கருவியாகத் தாராளமாகப் போதும். பழையது கிடைத்தாலும் எடுக்கலாம். துரு மேலோட்டமாக இருந்தால் பயமில்லை, கூர்முனை இருக்கும் பக்கம் அரித்துக் குழி விழுந்திருந்தால் மட்டும் வேண்டாம்.

கன்னாவில் இருப்பது நான்கே பொருள். ஷிராகஷி என்ற வெள்ளை ஓக் கட்டை, தகடு, அதன்மேல் ஒரு சிறிய மேல்தகடு, அதைப் பிடிக்கும் ஒரு கம்பி. நம் ஊர் இழைப்புளியில் தகட்டை இறுக்க ஆப்பு வைப்போம், இதில் ஆப்பு கிடையாது. தகடே ஆப்பு மாதிரி மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருக்கிறது, கட்டையின் இரண்டு பக்கக் காடியிலும் தானாகவே இறுகிக்கொள்கிறது. இந்த எளிமையைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். திருகாணி இல்லை, எல்லாம் பொருத்தத்தில் நிற்கிறது.

தகட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சரிவான பக்கத்தில் இரண்டு நிறம் தெரியும். முனையில் மெல்லிய பளபளப்பான கோடு, அது ஹகானே என்ற கடினமான எஃகு. அதற்குப் பின்னால் மங்கலான பெரும்பகுதி ஜிகானே என்ற மென்மையான இரும்பு. இரண்டையும் உலையில் வைத்து அடித்து ஒட்டியிருப்பார்கள். எஃகு மட்டும் என்றால் அவ்வளவு கனத்தைத் தீட்டவே முடியாது, அடி பட்டால் உடையும். மென்மையான இரும்பு மட்டும் என்றால் கூர் நிற்காது. வாள் செய்தவர்களின் அறிவு இது. 1876இல் பொது இடங்களில் வாள் அணியத் தடை வந்த பிறகு பிழைப்பை இழந்த கொல்லர்கள் பலர் கருவி செய்ய வந்தார்கள். அப்படி வாள் செய்த குடும்பத்தில் இருந்து வந்த சியோசுரு கொரெஹிதே (1874–1957) செய்த தகடுகளை இன்றும் கோபே நகரத்தின் தாக்கெனாக்கா தச்சுக் கருவி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள்.

எஃகில் ஷிரொகாமி, அவொகாமி என்று இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். எஃகுக் கட்டிகளுக்கு அடையாளமாக ஒட்டிய காகிதத்தின் நிறத்தில் இருந்து வந்த பெயர்கள், வெள்ளைத் தாள், நீலத் தாள். முதலாவது சுத்தமான கரிம எஃகு, சீக்கிரம் கூராகும். இரண்டாவதில் குரோமியமும் டங்ஸ்டனும் உண்டு, தீட்ட நேரம் எடுக்கும், கூர் நீண்ட நேரம் நிற்கும். முதல் கன்னாவுக்கு ஷிரொகாமியே என் தேர்வு. தீட்டிப் பழகுவதுதான் இப்போது முக்கியம்.

கூடவே 1000, 6000 எண் தீட்டுக்கல் இரண்டு, கல்லைச் சமப்படுத்த ஒரு வைரத் தட்டு, சின்னச் சுத்தியல், வளையாத எஃகு ஸ்கேல், மென்மையான பென்சில், அகலமான உளி ஒன்று, கண்ணாடித் தட்டு, 240 எண் உப்புத்தாள். இவ்வளவுதான்.

தகட்டின் முதுகு: அவசரப்படக் கூடாத இடம்

தகட்டின் தட்டையான பக்கத்துக்கு உரா என்று பெயர். நடுவில் குழிவாகக் கடைந்திருப்பார்கள், சுற்றிலும் ஓரம் மட்டும் மட்டமாக இருக்கும். முழுப் பரப்பையும் தேய்த்து மட்டமாக்குவதற்குப் பதில் ஓரத்தை மட்டும் மட்டமாக்கினால் போதும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கூர்முனையை ஒட்டி ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ ஒரு மட்டமான கோடு இருக்க வேண்டும். இத்தோ-உரா, நூல் உரா என்பார்கள். நூல் மாதிரி மெலிதாக இருந்தால்தான் அழகு, தீட்டவும் சுலபம்.

புதுத் தகடு என்றால் வைரத் தட்டில் முதுகை வைத்து, முனைப் பக்கம் விரலால் அழுத்தி, பக்கவாட்டில் முன்னும் பின்னும் தேய்த்தால் போதும். நூல் கோடு இடமிருந்து வலம்வரை அறுபடாமல் தெரியும்போது நிறுத்துங்கள். அப்புறம் 6000 கல்லில் முகம் தெரியும் அளவுக்கு மெருகு.

பழைய தகட்டில் அந்த நூல் தேய்ந்து, குழிவே முனைவரை வந்திருக்கும். அப்போது செய்வதுதான் உரா-தாஷி. சரிவுப் பக்கத்தில், மென்மையான இரும்பின் மேல் மட்டும், சுத்தியலின் மூலையால் நூறு முறை மெதுவாகத் தட்டினால், முன்பக்க எஃகு முடி அளவு முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அதை மட்டமாக்கினால் புது நூல் கிடைக்கும். தட்டும் இடத்துக்கு நேர் பின்னால், தகட்டின் முதுகு ஒரு கடின மரத்தின் உருண்டையான விளிம்பிலோ பட்டறையின் ஓரத்திலோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் இரண்டாவது தகட்டில் இதைச் செய்யும்போது நூல் வர நேரமாகிறதே என்று அடியைக் கொஞ்சம் பலமாக்கினேன், சுத்தியலும் முனைப் பக்கம் நழுவியது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். எஃகில் முனையில் இருந்து உள்ளே ஒரு கீறல். அந்தக் கீறல் மறையும்வரை தேய்த்ததில் தகட்டின் நீளத்தில் ஐந்து மில்லிமீட்டர் போய்விட்டது, அது பல வருட உழைப்புக்கான எஃகு. சரிவில் முனைக்கு அருகே உள்ள பளபளப்பான கோட்டைச் சுத்தியல் தொடவே கூடாது. சரிவின் நடுவுக்கு மேலேயே நில்லுங்கள், ஒவ்வொரு அடியும் மழைத்துளி விழுவது போல இருக்கட்டும்.

தீட்டுவது

சரிவு 27இல் இருந்து 30 டிகிரிக்குள் இருக்கும், அதை மாற்ற வேண்டாம். கன்னாத் தகட்டின் சரிவு அகலமானது என்பதால் கல்லில் வைத்தால் தானே படிந்து உட்காரும். இரண்டு கைவிரல்களாலும் முனைக்கு அருகில் அழுத்தி, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையும் தோளும் போய் வரட்டும். முதுகுப் பக்கம் விரலை வைத்து முனையை நோக்கி வெளியே தடவிப் பாருங்கள், முழு அகலத்திலும் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் 1000 கல்லின் வேலை முடிந்தது. 6000க்கு வாருங்கள், சரிவில் பத்து இழுப்பு, முதுகில் இரண்டு, மறுபடி சரிவில், மறுபடி முதுகில், பிசிறு தானாக விழும்வரை. ஒவ்வொரு முறையும் கல்லை வைரத் தட்டில் சமப்படுத்தியாக வேண்டும், குழிந்த கல்லில் நேரான கூர் வராது.

ஒரு சின்ன விஷயம், பலர் விட்டுவிடுவது. தகட்டின் இரண்டு மூலைகளையும் லேசாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். கட்டையின் வாயை, அதாவது கூர்முனை அடியில் எட்டிப் பார்க்கும் திறப்பை விடக் கூர்முனை கொஞ்சம் குறுகலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருள் காடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

மேல்தகட்டுக்கு அதிக நேரம் வேண்டாம். அது மெய்ஜி காலத்தில்தான் (1868–1912) பரவலாக வந்தது, மரத்தின் நார் ஓட்டத்துக்கு எதிரே இழைக்கும்போது மரம் பிய்ந்து வருவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. முனையில் 50, 60 டிகிரிக்கு ஒரு சிறிய சரிவு வையுங்கள், தகட்டின்மேல் வைத்தால் ஊசிமுனைகூட நுழையாமல் படிய வேண்டும். மூலையை மாற்றி மாற்றி விரலால் தட்டும்போது கடகடவென்று ஆடினால், மேலே மடிந்திருக்கும் காதுகளில் ஒன்றைச் சுத்தியலால் லேசாகத் தட்டிச் சரிசெய்யுங்கள்.

தகடும் கட்டையும்

கட்டையில் தகடு உட்காரும் படுகை ஏறக்குறைய 40 டிகிரி சாய்ந்திருக்கும். முதுகுக்கு எதிர்ப்பக்கம், அதாவது தகட்டின் சரிவு இருக்கும் பக்கம், முழுக்க அந்தப் படுகையில் ஒட்டி உட்கார வேண்டும். அந்தப் பக்கத்தில் மென்மையான பென்சிலைக் கறுகறுவென்று தேயுங்கள், கட்டையில் செருகி நான்கைந்து தட்டு தட்டுங்கள், வெளியே எடுங்கள். படுகையில் எங்கெங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அவை மேடுகள். அவற்றை மட்டும் உளியால் தூசு போலச் சுரண்டி எடுங்கள். மறுபடி பென்சில், மறுபடி செருகல். இருபது முறையாவது ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் கறுப்புப் புள்ளிகள் பெருகிக்கொண்டே வரும், கடைசியில் படுகை முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும்போது நிறுத்தலாம். அவசரத்தில் ஒருமுறை ஆழமாகச் சுரண்டிவிட்டால் தகடு லொடலொடவென்று ஆடும். அப்படி ஆனால் படுகையில் மெல்லிய தாள் ஒன்றை ஒட்டிச் சமாளிக்கலாம், ஜப்பானியத் தச்சர்களும் அப்படிச் செய்வதுண்டு.

அளவு இதுதான்: கையால் அழுத்தினால் கூர்முனை வாய்க்கு நான்கைந்து மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும், மீதித் தூரத்தைச் சுத்தியல்தான் கடத்த வேண்டும். தகட்டின் பக்கவாட்டில் இரண்டு புறமும் கொஞ்சம் இடைவெளி கட்டாயம் தேவை. மரம் காய்ந்து சுருங்கும்போது அந்த இடைவெளி இல்லை என்றால் கட்டை பிளக்கும்.

அடிப்பகுதி: சுருளின் மெல்லிசு இங்கேதான் இருக்கிறது

கன்னாவின் அடி பார்வைக்கு மட்டமாகத் தெரியும், உண்மையில் மட்டமாக இருக்கக் கூடாது. மெருகு இழைப்புக்கான கன்னாவில் இரண்டே இரண்டு இடங்கள்தான் பலகையைத் தொடும். கன்னாவைத் தள்ளுவதில்லை, நம் பக்கமாக இழுக்கிறோம்; அப்படி இழுக்கும்போது முன்னால் போகும் நுனி ஒன்று, வாய்க்குச் சற்று முன்னால் உள்ள குறுகிய பட்டை மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்கும் குறைவாகக் குழிவு, வாய்க்குப் பின்னால் இருப்பதும் அதே மாதிரி இறங்கியிருக்கும். பலகையை நேராக்கும் கன்னா என்றால் பின் நுனியும் தொட வேண்டும், மூன்று இடங்கள். முழு அடியும் தொட்டால் பலகையின் ஒவ்வொரு மேடும் கட்டையைத் தூக்கிவிடும், தகடு மரத்தை எட்டாது. இரண்டு புள்ளிகளில் நின்றால் வாயின் ஓரம் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே வர, அதற்கு அடுத்த நொடியில் தகடு வெட்டுகிறது. இவ்வளவு நுட்பமான யோசனையை வெறும் மரக்கட்டையில் ஒளித்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு இன்னமும் வியப்புதான்.

செய்முறை: தகட்டைச் செருகி, வேலை செய்யும் இறுக்கத்தில், கூர்முனை மட்டும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே இருக்கும்படி வையுங்கள். தகடு இல்லாமல் அடியைச் சரிபார்க்காதீர்கள், தகட்டின் இறுக்கமே கட்டையைக் கொஞ்சம் வளைக்கும். கண்ணாடித் தட்டின் மேல் 240 எண் உப்புத்தாளை ஒட்டி, அடியைத் தேய்த்து முதலில் முழுக்க மட்டமாக்குங்கள். அப்புறம் தொட வேண்டிய இரண்டு பட்டைகளையும் பென்சிலால் குறித்துக்கொண்டு, மீதி இடத்தை உளியைச் செங்குத்தாகப் பிடித்து ரேகைக்குக் குறுக்கே சுரண்டுங்கள். இதற்கென்றே தகடு செங்குத்தாக நிற்கும் தாய்-நாவோஷி கன்னா என்று ஒரு சின்னக் கருவி உண்டு, பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஸ்கேலை அடியில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு பட்டைகளிலும் இருட்டு, நடுவே முடி அளவு வெளிச்சக் கோடு. நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று எல்லாத் திசையிலும் பாருங்கள், மூலைக்கு மூலை பார்த்தால்தான் முறுக்கு தெரியும்.

தகட்டை வைப்பது

தகட்டின் தலையில் தட்டினால் அது இறங்கும். கட்டையின் பின் நுனியில், மேல் விளிம்பின் இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தட்டினால் ஏறும். நடுவில் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தால் கட்டை பிளந்துபோகும். கன்னாவைத் தலைகீழாகத் திருப்பி, முன் நுனியில் இருந்து அடியின் மேல் கண்ணை ஓட்டுங்கள். வாயில் ஒரு கறுப்பு முடி படுத்திருப்பது போலக் கூர்முனை தெரியும். ஒரு பக்கம் தடித்திருந்தால் தகட்டின் தலையைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டி நேராக்குங்கள். முடி மறைந்தும் மறையாமலும் இருக்கும் நிலைதான் நமக்கு வேண்டியது. பிறகு மேல்தகட்டை, கூர்முனையில் இருந்து கால் மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்படி இறக்குங்கள்.

பலகையை எப்படி வைப்பது

பழக ஹினோக்கி தேவையில்லை. நேரான ரேகையுள்ள, முடிச்சில்லாத பைன் துண்டு போதும், தேக்கில் ஆரம்பிக்காதீர்கள். பலகையின் குறுக்குவெட்டில் வளையங்களைப் பாருங்கள். மரத்தின் பட்டைப் பக்கம் இருந்த முகத்துக்கு கி-ஒமோதே என்று பெயர், மையப் பக்கம் இருந்தது கி-உரா. ஜப்பானியத் தச்சர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: பட்டைப் பக்க முகத்தை மரத்தின் உச்சியில் இருந்து வேரை நோக்கி இழை, மையப் பக்க முகத்தை வேரில் இருந்து உச்சியை நோக்கி இழை. வாங்கிய பலகையில் வேர் எது, உச்சி எது என்று எப்படித் தெரியும்? பலகை முகத்தில் கோபுரம் கோபுரமாக ரேகை இருக்கிறதே, அதன் கூர் உச்சியைக் காட்டும். ஆக, பட்டைப் பக்கம் என்றால் கோபுரத்தின் கூரில் இருந்து அடியை நோக்கி, மையப் பக்கம் என்றால் அடியில் இருந்து கூரை நோக்கி. காரணம் எளிது. மரம் மேலே போகப்போகக் குறுகுகிறது, அதனால் நார்கள் பலகைக்குள் சாய்ந்து கிடக்கின்றன. நார் மேலெழும் திசையில் போனால் தகடு வழுக்கிக்கொண்டு போகும், எதிரே போனால் நாருக்குள் புகுந்து பிய்க்கும்.

இழுப்பது

தள்ளிப் பழகிய கை இங்கே கொஞ்சம் திணறும். கன்னாவைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும், அதனால் பலகையை நிறுத்தும் கட்டை உங்கள் பக்கத்து நுனியில் இருக்கட்டும். வலது கை கட்டையின் நடுவில், இடது கை தகட்டின் தலையையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கட்டும். கையால் இழுத்தால் பாதியில் வேகம் குறையும், அந்த இடத்தில் பலகையில் ஒரு கோடு விழும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பைப் பின்னால் கொண்டுபோனால் உடம்பின் எடையே இழுக்கும். நீளமான பலகை என்றால் பின்னோக்கி நடங்கள், நிற்காமல்.

முதலில் தூசுதான் வரும். தகட்டை ஒரு தட்டு, மெலிதாக ஒரு தட்டு இறக்குங்கள். கிழிந்த துண்டுகள் வரும். இன்னொரு தட்டு. ஒரு கட்டத்தில் சத்தம் மாறும், கரகரப்பு போய்த் துணி கிழிவது போல ஒரு சீரான ஓசை. சுருள் வாயில் இருந்து நேராக மேலே எழுந்து, மடங்காமல் நாடா மாதிரி கை மேல் விழும். அது இரண்டு ஓரத்திலும் மட்டும் கிழிந்தால் பலகையின் நடு இன்னும் மேடாக இருக்கிறது, இழைத்துக்கொண்டே போங்கள். ஒரு பக்கம் மட்டும் தடித்து வந்தால் தகடு சாய்ந்திருக்கிறது. பாதித் தூரம் வெட்டிவிட்டு நின்றுபோனால் அடிப்பகுதி கெட்டிருக்கிறது, தகட்டைத் திட்டாமல் ஸ்கேலை எடுங்கள். மேல்பரப்பு மங்கலாக இருந்தால் கூர் போதவில்லை, மறுபடி 6000 கல்.

ஓரம் கிழியாமல் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் ஒரு சுருள் வந்ததும் அதைக் கீழே போட்டுவிட்டுப் பலகையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். அந்தக் குளிர்ச்சி உப்புத்தாள் போட்ட எந்தப் பலகையிலும் கிடைக்காது.

வேலை முடிந்த பிறகு

கட்டையின் பின் நுனியில் தட்டித் தகட்டை உள்ளே ஏற்றித் தளர்த்துங்கள், இறுக்கத்திலேயே விட்டால் கட்டை மெல்ல வளையும். தகட்டில் ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேரடியாகப் படாத இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் கட்டை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நேற்று முடி அளவு இருந்த குழிவு இன்று காணாமல் போயிருக்கும். அதனால் மறுநாள் காலையில் தகட்டை இறுக்கியதும், பலகையில் வைப்பதற்கு முன்னால், ஸ்கேலை ஒருமுறை அடியில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.